வொய்ட்செக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஆண்டுக் கணக்கைப் பற்றிய கேள்வி. ஜெர்மன் மொழியின் இடைநிலைத் தேர்வான பி1ஐ முடித்துவிட்டீர்கள்; ஜெர்மன் இலக்கியத்தில் முதுகலை படிக்க ஆயத்தமாகிறீர்கள்; கையில் மூன்று இலக்கிய வரலாற்றுக் கையேடுகள் இருக்கின்றன. ஒன்று ரொமான்டிக் காலத்தை 1795இல் தொடங்கி 1835இல் முடிக்கிறது. இன்னொன்று 1798 முதல் 1830 வரை என்கிறது. மூன்றாவது அதை 1848 வரை இழுத்துச் செல்கிறது. "எதை மனப்பாடம் செய்வது? பதினேழாம் நூற்றாண்டுப் பரோக் காலத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வர வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தக் காலகட்டங்கள் உண்மையிலேயே இருந்தவையா, பாடநூல் எழுதியவர்கள் தங்கள் வசதிக்காகக் கிழித்த கோடுகளா? பியூஹ்னரின் வொய்ட்செக் நாடகத்தைக் காலகட்ட அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பார்த்தாலே இது விளங்கும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இலக்கியத்தைக் கற்பித்து வருகிறேன். என் படிப்பும் பழக்கமும் பெரும்பாலும் 1770க்கும் 1930க்கும் இடைப்பட்டவை. இடைக்கால இலக்கியத்தை நவீன ஜெர்மன் பெயர்ப்புகளின் துணையோடுதான் வகுப்பில் நடத்துகிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைப் படியுங்கள். என் பதில் இதுதான்: ஒவ்வொரு காலகட்டத்தின் பெயரும் ஒரு வழக்கின் பெயர். யார் யாரை எதிர்த்து வழக்காடினார்கள், அந்தப் பெயரைச் சூட்டியவர் யார், எப்போது சூட்டினார் என்று தெரிந்துகொண்டால் ஆண்டுகள் தாமாக நினைவில் நிற்கும். அது தெரியாமல் ஆண்டுகளை மட்டும் உருப்போட்டால் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடும்.

முதலில் உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துக்கொள்வோம். ஒரு நூல் அச்சான ஆண்டு, ஒரு நாடகம் முதலில் மேடையேறிய நாள், ஒரு தடை உத்தரவு பிறந்த தேதி ஆகியவை உறுதியானவை. கதேயின் வெர்தர் நாவல் 1774இல் வந்தது. ஷில்லரின் கொள்ளையர்கள் நாடகம் 1782 ஜனவரி 13 அன்று மான்ஹைமில் மேடையேறியது. இவற்றைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை. ஒரு காலகட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் சண்டைக்குரியது. வைமர் கிளாசிக்கை, அதாவது வைமர் நகரத்தின் பெயரால் வழங்கும் செவ்வியல் காலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 1786இல் அது தொடங்கியது என்று சொல்பவர், கதே இத்தாலிக்குப் புறப்பட்டுப் போனதைத் திருப்புமுனையாகக் கருதுகிறார். பழங்காலக் கலையை நேரில் கண்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது அவர் வாதம். 1794 என்பவர், கதேயும் ஷில்லரும் நண்பர்களான ஆண்டை முதன்மைப்படுத்துகிறார். அவருக்கு கிளாசிக் என்பது இரண்டு மனிதர்களின் கூட்டு முயற்சி. முடிவுக்கும் இப்படியே. 1805 ஷில்லர் இறந்த ஆண்டு, 1832 கதே இறந்த ஆண்டு. ஆக உங்கள் மூன்று கையேடுகளில் எதுவும் தவறு செய்யவில்லை. மூன்று பேர் மூன்று வாதங்களை வைத்திருக்கிறார்கள், காரணத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்து, பெயர் சூட்டியவர் யார் என்று பாருங்கள். அறிவொளிக் காலம் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டது, 1784இல் கான்ட் "அறிவொளி என்றால் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு பெர்லின் மாத இதழில் பதில் எழுதியபோது அந்தச் சொல் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருந்தது. 'ஷ்டூர்ம் உண்ட் டிராங்', அதாவது புயலும் உந்துதலும், கிளிங்கர் 1776இல் எழுதிய நாடகம் ஒன்றின் தலைப்பிலிருந்து வந்தது. பரோக் கவிஞர்களுக்கோ தாங்கள் பரோக் கவிஞர்கள் என்பதே தெரியாது. அந்தச் சொல் கலை வரலாற்றிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இலக்கியத்துக்குள் நுழைந்தது. எல்லாவற்றையும்விட என்னை இன்றும் வியக்க வைப்பது கிளாசிக். 1795இல் கதே ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தேசிய கிளாசிக் எழுத்தாளர் தோன்ற வேண்டுமானால் ஒன்றுபட்ட ஒரு நாடு வேண்டும், பொதுவான பண்பாட்டு மையம் வேண்டும், ஜெர்மனியில் அவை இல்லை, அவற்றைக் கொண்டுவரக்கூடிய அரசியல் கொந்தளிப்புகளை நாம் விரும்பவும் மாட்டோம் என்பது அதன் சாரம். கிளாசிக்கின் தலைமகன் என்று நாம் கற்பிக்கும் மனிதர், கிளாசிக் வருவதற்கு இங்கே இடமே இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டியது, ஒன்றுபட்ட தேசத்துக்கு ஒரு மூதாதையைத் தேடிய பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1867 நவம்பரில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட எழுத்தாளர்களின் பதிப்புரிமை ஜெர்மன் நாடுகளில் காலாவதியானது. லைப்சிகில் ரெக்லாம் பதிப்பகம் தன் மலிவு விலை வரிசையைத் தொடங்கியது. அதன் முதல் எண் கதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தின் முதல் பகுதி. பள்ளி மாணவன் கைக்காசில் கதேயை வாங்க முடிந்ததும் அவர் கிளாசிக் ஆனதும் ஒன்றோடொன்று பிணைந்த கதைகள்.

பெயர்களின் வழக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது 1815க்கும் 1848க்கும் இடையில். இந்த ஆண்டுகளுக்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன: பீடர்மையர், ஃபோர்மெர்ட்ஸ். இரண்டாவது பெயருக்கு 'மார்ச்சுக்கு முன்' என்று பொருள். 1848 மார்ச்சில் வெடித்த புரட்சியை நோக்கியே எல்லாம் நகர்ந்தது என்று அது சொல்கிறது. முதல் பெயரோ ஒரு கேலியில் பிறந்தது. 1855இலிருந்து முனிச்சின் நகைச்சுவை இதழ் ஒன்றில், ஊர் வாத்தியார் பீடர்மையர் என்ற கற்பனைக் கவிஞரின் பெயரில் அப்பாவித்தனமான கவிதைகள் வெளிவந்தன. பின்னால் அந்தப் பெயர் ஒரு தலைமுறையின் வீட்டு அலங்காரத்துக்கும், அதன்பின் இலக்கியத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரே ஆண்டுகளில் ஒரு பக்கம் கவிஞர் மோரிக்கே சிறு பொருள்களைப் பற்றி மென்மையாக எழுதிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் கவிஞர் ஹைனே பாரிசில் உட்கார்ந்து பிரஷ்யாவைச் சாடிக்கொண்டிருந்தார். எந்தப் பெயரைத் தேர்கிறீர்களோ, அந்த முப்பது ஆண்டுகளில் எது முக்கியம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே தணிக்கையை மறந்துவிடக் கூடாது. 1819இல் ஜெர்மன் அரசுகள் எடுத்த கார்ல்ஸ்பாட் தீர்மானங்களின்படி இருபது அச்சுத்தாள்களுக்கு, அதாவது ஏறத்தாழ 320 பக்கங்களுக்கு, உட்பட்ட எல்லா அச்சும் வெளிவருவதற்கு முன்பே தணிக்கைக்குப் போக வேண்டும். பெரிய நூலை ஏழை வாங்க மாட்டான், அதனால் ஆபத்தில்லை என்பது அரசின் கணக்கு. எழுத்தாளர்கள் பக்கங்களைக் கூட்டி அந்த எல்லையைத் தாண்டப் பார்த்தார்கள். 1835 டிசம்பர் 10 அன்று ஜெர்மன் கூட்டமைப்பின் அவை 'இளம் ஜெர்மனி' என்ற பெயரில் ஹைனே, குட்ஸ்கோ, லவுபே, வீன்பார்க், முண்ட் ஆகிய ஐவரின் எழுத்தையும் தடைசெய்தது. இந்த ஐவரும் ஒன்றுகூடி இயங்கிய குழுவினர் என்று சொல்ல முடியாது. அவர்களை ஓர் இயக்கமாக இறுக்கிக் கட்டியதில் தடை உத்தரவுக்குப் பெரும் பங்கு உண்டு. இலக்கிய இயக்கத்தைக் காவல்துறையும் உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடையைச் சுற்றித்தான், தலைப்பில் நான் பெயர் சொன்ன நாடகத்தை எழுதியவரும் வருகிறார். கியோர்க் பியூஹ்னர் 1813இல் பிறந்தார். 1837 பிப்ரவரியில், சூரிச்சில், டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 23. மருத்துவம் படித்தவர், மீன்களின் நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். 1834இல் வைடிக் என்ற மதகுருவோடு சேர்ந்து ஹெஸ்ஸன் உழவர்களுக்கு ஒரு துண்டறிக்கை எழுதினார்; குடிசைகளுக்கு அமைதி, மாளிகைகளுக்குப் போர் என்ற முழக்கத்தோடு தொடங்கும் அந்த அறிக்கை, உழவரின் வரிப்பணம் எந்தெந்தச் செலவுக்குப் போகிறது என்று எண்ணிக்கையோடு காட்டியது. கைதாகாமல் தப்பி எல்லை கடந்து ஸ்ட்ராஸ்பூர்க் போனார். அவரது டான்டனின் மரணம் 1835இல் குட்ஸ்கோவின் உதவியால் அச்சேறியது. சாகும்போது வொய்ட்செக் முடிவுறாத கையெழுத்துப் படிகளாகக் கிடந்தது.

அந்த நாடகத்தின் அடியில் ஓர் உண்மை வழக்கு இருக்கிறது. 1821இல் லைப்சிகில் யோஹான் கிறிஸ்டியான் வொய்ட்செக் என்பவர் ஒரு கைம்பெண்ணைக் குத்திக் கொன்றார். அவருக்குச் சித்தம் தெளிவாக இருந்ததா என்று மருத்துவ அறிக்கைகள் எழுதப்பட்டன. 1824இல் ஊர்ச் சந்தையில் பலர் பார்க்கத் தலை துண்டிக்கப்பட்டது. மருத்துவ மாணவர் பியூஹ்னர் அந்த அறிக்கையைக் குற்றவாளியின் பக்கம் நின்று திருப்பிப் படித்தார். நாடகத்தில் வொய்ட்செக் ஓர் ஏழைப் படைவீரன். காசுக்காக ஒரு மருத்துவரின் பரிசோதனைக்கு உடன்பட்டுப் பட்டாணி மட்டுமே தின்று வாழ்கிறான். ஒழுக்கம் இல்லாதவன் என்று அவனுடைய கேப்டன் குறைசொல்கிறார். எங்களைப் போன்ற ஏழைகள் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கே இடி இடிக்கத்தான் கைகொடுக்க வேண்டியிருக்கும் என்று அவன் பதில் சொல்கிறான். அந்த ஒரு வரிக்காகவே இந்த நாடகத்தை ஆண்டுதோறும் வகுப்பில் எடுக்கிறேன். ஜெர்மன் துன்பியல் நாடகத்தின் நடுவில் அதுவரை அரசர்களும், பதினெட்டாம் நூற்றாண்டு நாடகாசிரியர் லெஸ்ஸிங்குக்குப் பின் நடுத்தரக் குடும்பத்தாரும் நின்றார்கள். வொய்ட்செக்கைப் போன்ற ஒருவன் அங்கே வந்து நின்றதில்லை.

இப்போது கட்டத்தில் எழுதப் பாருங்கள். எழுதிய ஆண்டு 1836-37, எனவே ஃபோர்மெர்ட்ஸ். ஆனால் அந்தக் காலத்து வாசகர் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. கார்ல் எமில் ஃபிரான்சோஸ் மங்கிப்போன கையெழுத்தை இரசாயனம் தடவித் தெளிவாக்கி 1879இல் நூல் தொகுதியில் சேர்த்தார். பெயரை 'வொட்செக்' என்று தவறாகப் படித்துவிட்டார். அல்பன் பெர்கின் 1925 இசைநாடகம் அந்தப் பிழையைத் தாங்கிய பெயரோடுதான் உலகம் சுற்றுகிறது. நாடகம் முதலில் மேடையேறியது 1913 நவம்பரில், முனிச்சில். எழுதி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து! இதற்கிடையில் நேச்சுரலிச எழுத்தாளர்கள், சூழலும் வறுமையும் மனிதனைக் குற்றத்துக்குத் தள்ளுவதைக் காட்டியவர் என்று பியூஹ்னரைத் தம் முன்னோடியாக ஏற்றுக்கொண்டார்கள்; அவர்களில் ஒருவரான இளம் நாடகாசிரியர் ஹவுப்ட்மன் 1887இல் பெர்லினில் தம் நண்பர் வட்டத்தில் அவரைப் பற்றி உரையாற்றினார். பிறகு எக்ஸ்பிரஷனிஸ்டுகள் வந்தார்கள்; துண்டு துண்டான காட்சிகளையும், காதில் கேட்கும் குரல்களையும், சிவந்த நிலவையும் பார்த்து இவர் எங்களவர் என்றார்கள். ஆக ஒரே நாடகம் ஒரு காலகட்டத்தில் எழுதப்பட்டு, இன்னொன்றில் அச்சாகி, மூன்றாவதில் உயிர்பெற்றது. உறுதியற்ற பகுதியும் இதில் உண்டு. காட்சிகளின் இறுதி வரிசையைப் பியூஹ்னர் விட்டுச்செல்லவில்லை. பதிப்பாசிரியர்கள் தத்தம் கணிப்பின்படி அடுக்குகிறார்கள். முடிவில் வொய்ட்செக் நீரில் மூழ்கிச் சாகிறானா என்பதும் கையெழுத்துப் படிகளில் தீர்மானமாக இல்லை. நீங்கள் வாங்கும் பதிப்பின் முன்னுரையில், எந்தப் படியை அடிப்படையாகக் கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இதனால்தான் என் மாணவர்களை ஒவ்வொரு நூலுக்கும் மூன்று ஆண்டுகளைக் குறித்து வைக்கச் சொல்கிறேன்: எழுதிய ஆண்டு, அச்சான அல்லது மேடையேறிய ஆண்டு, வாசகர்கள் அதை உண்மையில் கைக்கொண்ட ஆண்டு. மூன்றும் நெருங்கியிருந்தால் அந்த நூல் தன் காலத்தோடு பேசியது. விலகியிருந்தால் அந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது. நாடகாசிரியர் கிளைஸ்டை இப்படிப் பாருங்கள். 1808இல் வைமரில் கதே அவருடைய உடைந்த ஜாடி நகைச்சுவை நாடகத்தை மூன்று அங்கங்களாகப் பிரித்து மேடையேற்றினார், படுதோல்வி. மூன்றாண்டுகள் கழித்துக் கிளைஸ்ட் தற்கொலை செய்துகொண்டார். இன்று ஜெர்மன் மேடையில் அதிகம் நடிக்கப்படும் நகைச்சுவை நாடகங்களில் அதுவும் ஒன்று. நான் மாணவனாக இருந்தபோது வாய்மொழித் தேர்வில் கிளைஸ்டை எங்கே வைப்பாய் என்று கேட்டார்கள். "கிளாசிக்கும் ரொமான்டிக்கும் நடுவில்" என்றேன். "நடுவில் என்பது ஓர் இடமா?" என்று தேர்வாளர் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. கிளைஸ்ட், ஹோல்டர்லின், ஜான் பவுல் ஆகிய மூவரும் இரண்டு பெயர்களுக்குள்ளும் அடங்காதவர்கள். அடங்காமை அவர்களுடைய குறை ஆகாது என்று சொல்வதற்கு நான் அவர்களைப் படித்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு சொன்னதால் காலகட்டங்களே பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றங்கள் உண்மையில் நடந்தன, மொழியில் கண்ணுக்குத் தெரியும்படி நடந்தன. அதைக் காண நூறு நூல்கள் தேவையில்லை, பொருத்தமான இரண்டு கவிதைகள் போதும். கதே தம் இருபதுகளின் முற்பகுதியில் எழுதிய ப்ரொமித்தேயுஸ் கவிதையில், கிரேக்கத் தொன்மத்தின் டைட்டனான ப்ரொமித்தேயுஸ் கடவுள்களின் அரசனைப் பார்த்து, உன் வானத்தை மேகத்தால் மூடிக்கொள், என் குடிசையை விட்டுவிடு, அதைக் கட்டியவன் நீ இல்லை என்று சீறுகிறான். எதுகை இல்லை, சீரான யாப்பு இல்லை, கட்டளை வினைகளும் 'நான்', 'என்' என்ற சொற்களும் மோதிக்கொண்டு வருகின்றன. புயலும் உந்துதலும் என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டாம். பத்தே ஆண்டுகள் கழித்து, 1783இல், அதே மனிதர் 'தெய்வத்தன்மை' என்ற கவிதையில் மனிதன் மேன்மையானவனாக, உதவுபவனாக, நல்லவனாக இருக்கட்டும் என்று எழுதுகிறார். 'நான்' காணாமல் போய் 'மனிதன்' வந்துவிட்டது. சீற்றம் போய் அளவும் வரம்பும் வந்துவிட்டன. இதிலும் யாப்பு தளர்வானதுதான், மாறியது குரல். கதே இத்தாலிக்குப் போவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கிளாசிக்கின் குரல் இங்கே கேட்கிறது என்பதையும் கவனியுங்கள். 1786 என்ற ஆண்டை நம்பியிருப்பவர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

ரொமான்டிக்குக்கு ஐஷன்டோர்ஃபின் 'நிலவிரவு' கவிதையை எடுங்கள். பன்னிரண்டே வரிகள், பி1 சொல்வளம் போதும். வானம் பூமியை ஓசையின்றி முத்தமிட்டது போல இருந்தது என்று தொடங்குகிறது. 'போல இருந்தது' என்ற அந்த வினைவடிவத்தில்தான் உயிர் இருக்கிறது. நடக்காததை நடந்தது போலச் சொல்லும் இந்தக் கொன்யுங்க்டிவ் இரண்டை இலக்கணப் பயிற்சியாக மட்டும் படித்திருப்பீர்கள். இங்கே அதுதான் உலகப் பார்வை. முத்தம் நடந்ததாகக் கவிஞர் சொல்லவில்லை. கடைசியில் ஆன்மா சிறகு விரித்து, வீட்டுக்குப் பறப்பது போலப் பறக்கிறது, வீடு வந்துசேரவில்லை. ஏக்கம் நிறைவேறாமல் ஏக்கமாகவே நிற்பதை இலக்கணமே செய்து காட்டுகிறது. அதையடுத்து ஹைனேயின் எட்டு வரிக் கவிதை ஒன்று. கடற்கரையில் ஒரு பெண் சூரியன் மறைவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கவிஞர் அவளிடம், கலங்க வேண்டாம், இது பழைய நாடகம், முன்பக்கமாக இறங்கும் சூரியன் பின்பக்கமாகத் திரும்பி வந்துவிடும் என்கிறார். அதே எளிய நாட்டுப்பாடல் சந்தம். ஆனால் மாயம் கலைந்துவிட்டது. ஹைனேயின் கவிதை நூலாக வந்தது 1844இல். ஐஷன்டோர்ஃபோ 1857 வரை வாழ்ந்து ரொமான்டிக் கவிஞராகவே இறந்தார். ஒரு காலகட்டம் முடிந்துவிட்டது என்ற செய்தி எல்லோருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. உங்கள் மூன்றாவது கையேடு 1848 வரை போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மற்றக் காலங்களுக்கும் இப்படி ஒரு நுழைவாயில் சொல்கிறேன், சுருக்கமாக. பரோக்குக்கு, கிரிஃபியுஸ் முப்பதாண்டுப் போரைப் பற்றி எழுதிய சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை. பிணங்களால் ஆறுகள் அடைபட்டு மும்முறை ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்று கவிதையே கணக்குச் சொல்கிறது. போர் தொடங்கிய 1618ஓடு பதினெட்டைக் கூட்டினால் 1636. அறிவொளிக்கு லெஸ்ஸிங்கின் நாதான் நாடகம். மதச் சர்ச்சையில் தணிக்கையின்றி எழுதக் கூடாது என்று 1778இல் பிரபு தடுத்தபோது, தம் பழைய பிரசங்க மேடையான நாடக அரங்கில் தம்மை நிம்மதியாகப் பேச விடுகிறார்களா பார்க்கிறேன் என்று சொல்லி லெஸ்ஸிங் எழுதியது அது. ரியலிசமும் நேச்சுரலிசமும் வரிசையில் நிற்பவை என்று நினைக்காதீர்கள்: ஹவுப்ட்மனின் முதல் நாடகம் பெர்லினில் கூச்சல் குழப்பத்துக்கு நடுவே மேடையேறியது 1889இல், ரியலிச எழுத்தாளர் ஃபோன்டானேயின் எஃபி பிரீஸ்ட் நாவல் நூலாக வந்தது 1895இல். முதியவர் ஃபோன்டானேயே நாடக விமர்சகராக அந்த இளைஞரை ஆதரித்து எழுதினார். எக்ஸ்பிரஷனிசத்துக்கு 1911 ஜனவரியில் வந்த யாக்கோப் ஃபான் ஹோடிஸின் 'உலக முடிவு'. எட்டு வரிகளில் தொப்பி பறக்கிறது, கடல் கரையில் துள்ளுகிறது, பெரும்பாலோருக்குச் சளி பிடித்திருக்கிறது, ரயில்கள் பாலங்களிலிருந்து விழுகின்றன. பேரழிவும் சளியும் ஒரே எடையில் அடுக்கப்பட்டிருப்பதுதான் அந்தத் தலைமுறையை உலுக்கியது. எழுதியவரை நாஜிகள் 1942இல் கொன்றார்கள்.

1945க்குப் பிந்தியதற்கு குன்டர் ஐஷின் 'இருப்புக் கணக்கு'. ஒரு போர்க் கைதி, இது என் தொப்பி, இது என் மேலங்கி என்று தன் உடைமைகளை எண்ணுகிறான். உங்கள் மொழி நிலைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. இதை 'பூச்சிய நேரம்' என்ற பெயருக்குச் சான்றாகப் பாடநூல்கள் தருவதுண்டு: மொழியே புதிதாக, வெறுங்கையோடு தொடங்கியது என்று. அதை எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஐஷ் நாஜி ஆட்சியின் ஆண்டுகளில் வானொலிக்கு நிறைய எழுதியவர். கவிதையில் பூச்சியம் இருக்கிறது, எழுதியவரின் வாழ்க்கையில் இல்லை. அதே காலத்தில் செர்னோவிட்ஸ் நகரின் யூதக் குடும்பத்தில் பிறந்து பெற்றோரை முகாமில் இழந்த பவுல் செலானின் 'மரண ஃப்யூக்' 1947இல் முதன்முதலில் அச்சானது ருமேனிய மொழிபெயர்ப்பாக. ஜெர்மனியின் எல்லைக்குள் நின்று கோடு கிழித்தால் இந்தக் கவிதை எங்கே விழும்? காஃப்காவும் ரில்கேயும் பிராகில் பிறந்தவர்கள், எழுத்தாளர் கெல்லர் சூரிச்காரர். நீங்கள் படிக்கப்போவது ஜெர்மன் மொழி இலக்கியம். ஜெர்மனி என்ற ஒரே அரசு 1871க்கு முன் இல்லை. 1949க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அட்டவணைக்கு இரண்டு பத்திகள் வேண்டும், கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. அட்டவணைகள் விட்டுவிடும் இன்னொன்றும் உண்டு. வெர்தருக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1771இல், சோஃபி ஃபோன் லா ரோஷ் கடித வடிவில் ஒரு நாவல் எழுதி ஜெர்மன் நாடுகள் முழுவதும் வாசிக்கப்பட்டார். பல கையேடுகளில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

வரிசையாகப் படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். பின்னாலிருந்து முன்னோக்கிப் போங்கள். ஐஷ், பிறகு காஃப்காவின் சிறுகதைகள், பிறகு ஹைனே, ஐஷன்டோர்ஃப், பிறகு கதே. கிரிஃபியுஸ் பக்கம் ஓராண்டு கழித்துப் போனால் போதும். இடைக்காலத்துக்குக் கடைசியில் வாருங்கள். அது ஏறத்தாழ வேறு மொழி, தெரிந்த சொற்கள்தான் அதிகம் ஏமாற்றும். 1200ஐ ஒட்டி எழுந்த நீபெலுங் காவியத்தின் முதல் செய்யுளிலேயே 'அரெபைட்' வருகிறது. இன்று 'ஆர்பைட்' என்றால் வேலை. அங்கே அது பெருந்துன்பம். 'ஹோஹ்கெட்ஸீட்' அன்று பெருவிழா, இன்று திருமணம். மொழிபெயர்ப்பு அருகில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

நூல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய நூல்கள் பெரும்பாலும் புரொயெக்ட் குட்டன்பெர்க் ஜெர்மன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டாய்ச்சஸ் டெக்ஸ்ட் ஆர்க்கிவ் தளத்தில் முதல் பதிப்புகளின் பக்கப் படங்களையே பார்க்கலாம். எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் மட்டும் படிக்காதீர்கள். வெர்தருக்கே இரண்டு வடிவங்கள் உண்டு, 1774இன் சீற்றமும் 1787இல் கதே திருத்தியதும். இரண்டாவதைப் படித்துவிட்டு 1774ஐப் பற்றித் தேர்வில் எழுதுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

தேர்வில் ஆண்டுகளைக் கேட்டால் உங்கள் துறை பரிந்துரைத்த கையேட்டின் ஆண்டுகளையே எழுதுங்கள். அங்கே அதுதான் முறை. இடமிருந்தால், இந்த எல்லையை ஏன் இங்கே வைக்கிறார்கள், வேறு எங்கே வைக்கலாம் என்று அதன் கீழே ஒரு வாக்கியம் சேருங்கள். நிலவிரவையும் ஹைனேயின் எட்டு வரியையும் இந்த வாரமே பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள். இரண்டும் சேர்ந்து இருபது வரிகள்தான். அவற்றோடு மோரிக்கேயின் ஒரு கவிதையைச் சேர்த்து, அவரை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.